துடைத்த இலை

"சாமி, என்ன சமைச்சா என் மருமக பொங்கலுக்கு வருவா?"

மங்கையர்க்கரசி கேட்டாள்.

சாமி திருநீற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன சமைச்சப்போ அவ போனா?"

மங்கையர்க்கரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாபகம் இல்ல சாமி."

பச்சைப் பொய். முருங்கைக்கீரையை எப்போது உருவினாள், தேங்காயை எந்த அம்மியில் வைத்து அரைத்தாள் என்பதுவரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"சரி. ஞாபகம் வர்ற வரைக்கும் இலை எடுங்க அக்கா," என்றார் சாமி.


அந்த மடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. பெரிய மடம் என்று நினைத்துவிடாதீர்கள். யானை கிடையாது, பல்லக்கு கிடையாது, மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு, அவ்வளவுதான்.

சாமிக்கு நாற்பது வயசு இருக்கும். தன்னைவிட மூத்தவர்களை அக்கா, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். யாராவது கேள்வி கேட்டுக்கொண்டு வந்தால், பந்தியில் எச்சில் இலை எடுக்க விட்டுவிடுவார். அதனால் ஊரில் அவருக்கு இலைச்சாமி என்று பெயர்.

பாதிப் பேர் இதைக் கேட்டதுமே, "அடுத்த வாரம் வாரேன் சாமி," என்று செருப்பைத் தேடுவார்கள்.

மங்கை செருப்பைத் தேடவில்லை. மனசில் அவ்வளவு பாரம். போன பொங்கலுக்குப் போன மருமகள், சித்திரை விசுவுக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. மகன் சங்கரலிங்கம் மட்டும் வருகிறான். வந்து சாப்பிட்டுவிட்டு, மணியைப் பார்த்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறிவிடுகிறான். கேட்டால், "அவளுக்கு உடம்பு சரியில்லம்மா." ஒரு வருஷமாகவா உடம்பு சரியில்லை?

இதோ, மறுபடியும் மார்கழி முடியப் போகிறது.


இவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கைமணம். பாளையங்கோட்டையில் அவள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பழக்கம்தான். அடுத்த வீட்டில் எது ருசியாக இருந்தாலும், அதைக் கேட்டுக்கொண்டு வந்து, அதைவிட ருசியாகச் செய்துவிடுவாள்.

பக்கத்து வீட்டுக் கோமு வைக்கிற எலுமிச்சை ரசம் தெருவுக்கே பிடிக்கும். மங்கை அதில் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டாள். இறக்கும்போது கொத்துமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கித் தூவினாள். வேறொன்றும் செய்யவில்லை. அதற்கப்புறம் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் மங்கை வீட்டிலிருந்துதான் போனது.

கோமு ரசம் வைப்பதையே விட்டுவிட்டாள்.

இது மங்கைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், "நீ ஏன் கஷ்டப்படுதே, நான் தாரேன்," என்று தூக்குச்சட்டியோடு போய் நின்றிருப்பாள். நல்ல மனசுதான். அதுதான் இடைஞ்சலே.

நாத்தனார் வீட்டு அவியல், சித்தப்பா வீட்டுப் புளிமிளகாய், மேலத்தெரு டீச்சர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து என்று எதையும் அவள் விட்டதில்லை. பண்டிகை வந்தால் எல்லாரையும் கூப்பிட்டு விருந்து போடுவாள். உங்களுக்குப் பிடித்ததை உங்களுக்கே போடுவாள். போட்டுவிட்டு எதிரில் வந்து நிற்பாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மதினி."

"உங்க வீட்டுல செய்யறதைவிட?"

என்ன சொல்வீர்கள்? வாய் நிறைய அதையே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியுமா?

வீட்டுக்காரர் கனகசபாபதி இதில் தலையிடுவதில்லை. அவர் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.


முதல் நாள் மங்கை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தியில் இறங்கினாள்.

மற்றவர்கள் மடித்த இலையை அப்படியே எடுத்துக் கூடையில் போடுவார்கள். மங்கையால் அது முடியவில்லை. ஒவ்வொரு இலையாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு இலையில் பூசணிக்காய் அப்படியே இருந்தது. இன்னொன்றில் அவியலைக் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் கீழே ஒளித்து வைத்திருந்தார்கள்.

"த்சு," என்றாள் மங்கை. "உப்பு முந்திப் போட்டிருக்கான். பூசணிக்கா தண்ணி விட்டுட்டு."

"மதினி?"

நிமிர்ந்தாள். கோமு. கோவிலுக்கு வந்தவள் மடத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்களா மதினி? எச்சில் இலை..."

"வேண்டுதல்," என்றாள் மங்கை. இரண்டாவது பொய்.

"என் இலையை நானே எடுத்துக்கிடுதேன்."

"ஏட்டி, வச்சுட்டுப் போ. வேண்டுதல்னு சொல்லுதேன்லா."

கோமு கூச்சத்தோடு எழுந்தாள். கை கழுவப் போனவள் திரும்பி நின்றாள்.

"இங்க ரசம் நல்லா இருக்கு மதினி. நான் வைக்கற மாதிரியே இருக்கு. ரெண்டு தடவை கையில வாங்கிக் குடிச்சேன்."

அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. மங்கை அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனம் அடுத்த இலையில் இருந்தது.

பந்தி முடிந்ததும் சாமி வந்தார்.

"ஞாபகம் வந்துதா அக்கா?"

"அது கெடக்கட்டும் சாமி. இலையைப் பாத்தியளா? எவ்வளவு மிச்சம்! என் வீட்டுல ஒரு இலை இப்படி வந்ததில்ல. எல்லாம் துடைச்ச இலைதான்."

"மருமக இலை?"

"அதுவுந்தான். அன்னைக்கு நானே பாத்தேன். ஒரு பருக்கை இல்ல."

சாமி சிரித்தார்.

"அப்ப ஞாபகம் வந்துட்டு."

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். காதெல்லாம் சுட்டது. அவள் வயசுக்கு யாரும் அவளை இப்படி மடக்கியதில்லை.

"நாளைக்கும் வாங்க," என்றார் சாமி.


மறுநாள் மங்கை சீக்கிரமே வந்துவிட்டாள். நேராக அடுப்படிக்குப் போனாள்.

மடத்துச் சமையல்காரர் ஆவுடையப்பன், சாதுவான மனிதர். மங்கை கையை நீட்டியதும் கரண்டியைக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மடத்தில் படையல் ஆகும் முன்னே யாரும் ருசி பார்க்கக் கூடாது. மங்கைக்கு ருசி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ரசத்தின் ஆவியில் முகத்தைக் காட்டினாள். ஒரு துண்டு இஞ்சி கேட்டாள். தட்டிப் போட்டாள். கொத்துமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பந்தியைப் பார்த்திருக்க வேண்டும். ரசத்துக்கு இரண்டாவது தடவை சோறு, மூன்றாவது தடவை சோறு. ஒரு பெரியவர், "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். சாமியும் உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடித்துவிட்டு, கையை நக்கினார்.

"ஆவுடையப்பா, ரசம் யாரு வச்சது?"

"இந்த அக்காதான் சாமி."

"பிரமாதம்."

மங்கைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இலை எடுக்க வந்த அவமானமெல்லாம் எங்கோ போய்விட்டது.

சாமி எழுந்திருக்கவில்லை.

"நேத்து வரைக்கும் நீ வச்சியே ஆவுடையப்பா. அது எப்படி இருக்கும்?"

"சுமாரா இருக்கும் சாமி."

"அது பேச்சு. ருசியைச் சொல்லு."

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"வரமாட்டேங்கு சாமி. இதுதான் வருது."

"எனக்கும்," என்றார் சாமி. எழுந்துபோய்க் கை கழுவினார்.

இது என்ன பேச்சு என்று மங்கைக்கு விளங்கவில்லை. நல்லது வந்தால் சுமார் போகத்தானே செய்யும்? முந்தானையைச் செருகிக்கொண்டு பந்திக்குப் போனாள்.

கடைசி இலையில் கோமு உட்கார்ந்திருந்தாள். நேற்றைய ரசத்துக்காகவே இன்றைக்கும் வந்திருக்கிறாள். இலையில் ரசஞ்சோறு பிசைந்தபடியே இருந்தது. ஒரு வாய் சாப்பிட்ட தடம் மட்டும்தான்.

கோமு நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. அழுகையும் இல்லை.

"இங்கேயுமா மதினி?" என்றாள்.

இலையைத் தானே மடித்தாள். தானே எடுத்தாள். கூடையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

மங்கை அங்கேயே நின்றாள். தெருவில் கோமு வீட்டு அடுப்பிலிருந்து ரச வாசனை வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தாள். யோசிக்க யோசிக்க உடம்பு கூசியது. எத்தனை தடவை அவள் வீட்டுக்கு ரசம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்! அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாளே பாவி மகள்.

மிச்ச இலைகளை எடுத்தாள். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை.


எச்சில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சாமியிடம் சொன்னாள்.

"கூட்டாஞ்சோறு சாமி."

சாமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

"என் மருமக செண்பகவல்லிக்குக் கோவில்பட்டி. அப்பா இல்ல. அம்மாதான் தையல் மிஷினை மிதிச்சு வளத்தாவ. போன பொங்கலுக்கு முந்தின ஐப்பசியில அவியளும் போயிட்டாவ."

"ம்."

"தை பொறந்தா அவளுக்கு அம்மா வீடுன்னு ஒன்னு கிடையாது. எனக்கு மனசு கேக்கல. காணும் பொங்கலுக்கு எங்க வீட்டுல சொந்தம் பூரா வரும். அன்னைக்கு அவ அம்மா கைச்சோறு மாதிரி ஒன்னு போடணும்னு நெனச்சேன். சத்தியமா அதுக்குத்தான் சாமி நெனச்சேன்."

"ம்."

"அவகிட்டயே கேட்டேன், உங்க அம்மா எதை நல்லா செய்வாவன்னு. கூட்டாஞ்சோறுன்னா. அரிசி, பருப்பு, கத்திரிக்கா, வாழைக்கா, முருங்கைக்கீரை எல்லாம் ஒன்னாப் போட்டு வேக வைக்கறது. எப்படிச் செய்வாவன்னு கேட்டேன். அடுப்புல ஏத்திட்டு மிஷின்ல போயி உக்காந்துருவாவளாம். தைக்கற கவனத்துல மறந்துருவாவளாம். தீஞ்ச வாடை வந்ததும் இவ 'அம்மா, சோறு!'ன்னு கத்துவாளாம். அப்பதான் மிஷின் சத்தம் நிக்குமாம். அந்த அடிப்பிடிச்ச சோத்துக்கு அம்மாவும் மகளும் சண்டை போடுவாங்களாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா சாமி. அம்மா போனபிறகு அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்."

ஒரு காக்கை கூடையிலிருந்து ஒரு இலையை இழுத்துக்கொண்டு போனது.

"செஞ்சியளா?"

"செஞ்சேன். அடிப்பிடிக்காம."

"ம்."

"தேங்காயையும் சீரகத்தையும் லேசா வறுத்து அரைச்சேன். கீரையைக் கடைசியில போட்டேன். நெய்யில வடகம் தாளிச்சேன். கொதிக்கற தண்ணிக்கு மேல பாத்திரத்தை வச்சு இறக்கினேன். ஒரு சோறு அடியில ஒட்டல. எல்லாரும் ஓகோன்னு சாப்பிட்டாவ. இது என்ன பக்குவம்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

மங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் எடுத்தாள்.

"என் சம்பந்தி பக்குவம், ஆனா பாவம் அவியளுக்கு அடுப்பை அணைக்கத் தெரியாதுன்னு சொன்னேன். அந்தத் தையல் மிஷின் கதையையும் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அடிப்பிடிச்ச சோத்தை எங்க வீட்டுல நாய்க்குத்தான் வைப்போம்னு சொன்னேன்."

"மருமக எங்க இருந்தா?"

"பந்தியிலதான் சாமி. சாப்பிட்டுக்கிட்டு இருந்தா."

அதைச் சொன்னபிறகு மங்கையால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ஒரு வருஷமாக இதை அவள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மகனிடம் கேட்கவில்லை. தன்னிடமேகூட இப்படி வரிசையாகச் சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது தன் குரலிலேயே கேட்டபோது, எச்சில் கூடைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"இப்ப என்ன சமைச்சா வருவா சாமி?"

"எனக்குத் தெரியாது. எனக்கு வெந்நீர் வைக்கறது தவிர ஒன்னும் தெரியாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"போயி பாத்துட்டு வாங்க."

மங்கை உடனே எழுந்தாள். "நாளைக்கே போறேன். நெய் உருண்டை பிடிச்சு..."

"ஒன்னும் கொண்டு போகக் கூடாது."

மங்கைக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"மகன் வீட்டுக்கா? வெறுங்கையோடவா?"

"ஆமா."

"ஒரு சீப்புப் பழம்?"

"பழம் கொண்டு போனா, நறுக்கித் தாரேன்னு அடுப்படிக்குப் போவிய."

"ஒரு முழம் பூவாவது சாமி. வாழற வீடு."

"பூ கொண்டு போனா பூவைப் பத்திப் பேசுவிய."

"சாமி, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

சாமி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நெனைக்கட்டும்," என்றார்.


மதுரை பஸ் ஸ்டாண்டில் பழக்காரர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "அம்மா, கொய்யா பாருங்கம்மா. சப்போட்டா பாருங்கம்மா." மங்கை கேட்காத மாதிரி நடந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் வேலைக்குப் போயிருக்கிற நேரம். வாசலில் நின்றபோது உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கூடவே தீய்கிற வாடையும் வந்தது.

கதவைத் தட்டினாள். மிஷின் நின்றது.

செண்பகவல்லி திறந்தாள். மெலிந்திருந்தாள்.

"வாங்க அத்தை."

அவள் கண் முதலில் மங்கையின் கைக்குத்தான் போனது. வெறுங்கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மாமாவுக்கு ஒன்னும் இல்லையே? ஊர்ல எல்லாரும்..."

"ஐயோ, எல்லாரும் நல்லா இருக்காவ. சும்மா வந்தேன். சும்மாதான் வந்தேன் தாயி."

கெட்ட சேதி கொண்டுவருகிறவர்கள்தான் அப்படி வெறுங்கையோடு வருவார்கள். மங்கை கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

உள்ளே சுவரோரம் ஒரு பழைய மிஷின் இருந்தது. யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. அடுப்படியிலிருந்து தீய்கிற வாடை கூடிக்கொண்டே வந்தது. மங்கையின் நாக்கு துடித்தது. "ஏட்டி, அடுப்பு" என்கிற வார்த்தை பல்லுக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள்.

செண்பகவல்லி அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் அடுப்படிக்குப் போய் அணைத்தாள். கூட்டாஞ்சோறு. தொட்டியில் அடி கருகிய பாத்திரம் ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இன்னொன்று.

மங்கை அடுப்படி வாசலிலேயே நின்றாள். உள்ளே போகவில்லை.

"செண்பகம், அன்னைக்கு அத்தனை பேருக்கு நடுவுல உங்க அம்மாவை நான் சொன்னது தப்பு. நீ என்னை நம்பிச் சொன்னதை வச்சு எல்லாரையும் சிரிக்க வச்சேன். நினைச்சா எனக்கு வெக்கமா இருக்கு. உன் மூஞ்சியில எப்படி முழிக்கன்னு தெரியல."

செண்பகவல்லி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது வருத்தந்தான் அத்தை. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனா நான் வராம இருக்கறது அதுக்கு இல்ல."

"பின்ன?"

"நல்லா இருந்துச்சு அத்தை."

மங்கைக்குப் புரியவில்லை.

"எது?"

"நீங்க செஞ்ச சோறு. எங்க அம்மா செய்யறதைவிட நல்லா இருந்துச்சு. நீங்க எல்லாரையும் சிரிக்க வச்சுட்டு, என் எதிர்ல வந்து நின்னு, 'உங்க அம்மா செய்யறதைவிட எப்படி இருக்கு'ன்னு கேட்டிய. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

மங்கைக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பதிலை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

"'இதுதான் அத்தை நல்லா இருக்கு'ன்னு சொன்னேன்," என்றாள் செண்பகவல்லி. "எங்க அம்மா போயி மூணு மாசம் முழுசா ஆகல. சொன்னேன். சொல்லிட்டு இன்னும் ஒரு கரண்டி வாங்கி, இலையைத் துடைச்சுச் சாப்பிட்டேன்."

வெளியே யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கூவிக்கொண்டு போனார்கள்.

"இங்க திரும்பி வந்து, அம்மா சோறு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். வரல. உங்க சோறுதான் நாக்குல வந்துச்சு. அதுக்கப்புறம் கோவில்பட்டிக்குப் போயி அம்மா மிஷினை எடுத்துட்டு வந்தேன். அவங்க மாதிரியே அடுப்புல ஏத்திட்டு, உக்காந்து தைச்சுப் பாக்கேன். தீயுது. தீஞ்ச வாடை வருது. அம்மா வர மாட்டேங்காங்க."

அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்க மேல கோபம் இல்ல அத்தை. பண்டிகைக்கு வந்தா நீங்க போடுவிய. நான் மறுபடியும் துடைச்சுத்தான் சாப்பிடுவேன். எனக்கே தெரியும். அதான் வரல."

மங்கை இவ்வளவு நேரமும் தன் வெட்கத்தைத்தான் பெரிதாகச் சுமந்துகொண்டு வந்திருந்தாள். இந்தப் பிள்ளை ஒரு வருஷமாக எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரிந்ததும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பஸ்ல வந்திருக்கிய. சாப்பிடுங்க."

தட்டு வைத்தாள். பரிமாறினாள். பாத்திரத்தின் அடியைச் சுரண்டி எடுத்தவள் யோசித்தாள்.

"வை," என்றாள் மங்கை. "அதையும் வை."

வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். எப்படி இருக்கு என்று கேட்கவில்லை.

மங்கை ஒரு வாய் வைத்தாள். அவளுடைய நாக்கு சும்மா இருக்கிற நாக்கா? புளி ஒரு துளி கூடுதல். தேங்காய் இன்னும் ரெண்டு சுற்று அரைபட்டிருக்கலாம். வாழைக்காயைக் கடைசியில் போட்டிருக்க வேண்டும். வரிசையாக எல்லாம் வந்தது. ஒவ்வொன்றையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். கருகியதை மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தது. அதையும் சேர்த்துத்தான் சாப்பிட்டாள்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

ருசி எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எழுந்து தட்டைக் கழுவினாள். தொட்டியில் ஊறிக்கிடந்த பாத்திரத்தையும் எடுத்தாள்.

"அத்தை, நீங்க வைங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"இருக்கட்டும். எனக்கு இப்ப பழகிட்டு."

தேய்த்துக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பைப் போட்டாள். போட்ட பிறகும் போகவில்லை.

"பொங்கலுக்கு..." என்று ஆரம்பித்தாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

"நாங்க வரல அத்தை," என்றாள் செண்பகவல்லி.

மங்கை தலையை ஆட்டினாள். நியாயந்தான் என்று நினைத்தாள். திரும்பி ஒரு படி இறங்கினாள்.

"நீங்க வாங்க."

மங்கை நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எந்தப் பொங்கலுக்கும் அவள் அடுத்தவர் அடுப்பில் சாப்பிட்டதில்லை.

"வாரேன்," என்றாள் அவசரமாக. "மாமாவையும் கூட்டிக்கிட்டு வாரேன். என்ன செஞ்சு கொண்டு வரட்டும்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செண்பகவல்லி அவளுடைய கைகளைப் பார்த்தாள்.

"இப்படியே வாங்க அத்தை," என்றாள்.